“அம்மாவோடு ஒருமுறை பேசிப் பார்க்கட்டுமா?” – கட்டாயத் திருமணம் பற்றிப் பிரித்தானியாவில் பணிபுரியும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

வைத்தியசாலைகள், பொலிஸ் நிலையங்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இந்த இரண்டு வேலைகளாலும் ஆசிரியர்கள், தாதியர், மருந்தக ஊழியர்கள், வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் என்று பலர் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை ஒட்டியவை. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. நான் சட்டத்தரணி அல்ல. சட்டத்தரணிகளுக்குப் பக்கத்தில் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவுதான்.

பெற்றோர் பார்த்துச் செய்யும் கல்யாணம் எல்லாம் குற்றமா?

இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் பேச்சுத் திருமணத்தில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். சாதகம் பார்ப்பதும் குற்றமில்லை, மாப்பிள்ளையின் படம் அனுப்புவதும் குற்றமில்லை. “வேண்டாம்” என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வழி இருக்கிறதா, சொன்ன பிறகு பேச்சு அங்கே நிற்கிறதா என்பதுதான் கோடு. இருவரில் ஒருவருக்குச் சம்மதம் இல்லாமல் வற்புறுத்தினால் அது கட்டாயத் திருமணம். 2014 ஜூன் 16 முதல் இங்கே அது குற்றம். அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டுச் சிறை.

வற்புறுத்தல் என்றதும் பலரும் அடியையும் பூட்டிய அறையையும் நினைக்கிறார்கள். சட்டம் வன்முறை, மிரட்டல், வேறு எந்த வகை நெருக்குதலும் என்கிறது. நம் வீடுகளில் அந்த மூன்றாவது வகைதான் அதிகம். அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கட்டிலில் திரும்பிப் படுத்திருப்பார். “நீ மாட்டேன் என்றால் நான் நஞ்சு குடிப்பேன்” என்பார். அப்பாவின் நெஞ்சு வருத்தம் எந்த வாக்குவாதத்திலும் முதல் ஆளாக வந்து நிற்கும். ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் அழுவார். எந்தக் கையும் ஓங்கப்படாது. ஆனாலும் 19 வயதுப் பெண் ஒருத்திக்கு அந்த வீட்டில் “வேண்டாம்” என்ற சொல் இல்லாமலே போய்விடும்.

கோயிலில் தாலி மட்டும் கட்டினால்? பதிவுத் திருமணம் பிறகுதானே?

தமிழர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இடம் இது. சட்டத்தின் கண்ணில் எந்தச் சமயச் சடங்கும் திருமணம்தான். அது சட்டப்படி செல்லுமா செல்லாதா என்பது பொருட்டல்ல. மண்டபத்தில் ஐயர் வைத்துத் தாலி கட்டிவிட்டு, “எழுத்து இன்னும் வைக்கவில்லையே, இது கல்யாணமே இல்லை” என்று வாதிட முடியாது.

வயது விஷயமும் மாறிவிட்டது. 2023 பெப்ரவரி 27-க்கு முன் பெற்றோர் சம்மதத்துடன் 16 வயதில் மணம் முடிக்கலாம். இப்போது 18. அதற்குக் கீழே உள்ள ஒருவருக்குத் திருமணம் நடத்த எந்த ஏற்பாடு செய்தாலும் குற்றம். அங்கே வற்புறுத்தலை நிரூபிக்கத் தேவையில்லை. “பிள்ளைக்கு விருப்பம்” என்ற பதிலும் எடுபடாது.

இன்னொன்று: ஏமாற்றி வெளிநாடு கூட்டிப் போவது தனிக் குற்றம். அம்மம்மா சாகக் கிடக்கிறார் என்று சொல்லி விமானம் ஏற்றியிருந்து, உள்ளே இருந்த எண்ணம் வற்புறுத்திக் கட்டி வைப்பது என்றால், கல்யாணம் நடக்காமல் போனாலும் குற்றம் குற்றமே.

பள்ளியில் எதைக் கண்டு சந்தேகப்பட வேண்டும்?

முதலில் என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறைக்கு முந்தைய வகுப்பில் “என் விடுமுறை” என்று கட்டுரை எழுதச் சொன்னேன். 16 வயது மாணவி ஒருத்தி யாழ்ப்பாணம் போவதைப் பற்றி எழுதியிருந்தாள். மாம்பழம், கிணற்றடிக் குளியல், நல்லூர்த் திருவிழா எல்லாம் வந்தன. கடைசி வரி: “நான் திரும்பி வறுவேனோ தெரியாது.” சிவப்புப் பேனாவை எடுத்து “று”வை வெட்டி “ரு” என்று திருத்தினேன். இருபதுக்குப் பதினான்கு போட்டேன். அடுத்த கொப்பியை எடுத்தேன்.

அவள் திரும்பி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த நாளில் தாய்மாமன் ஒருவர் குறுக்கே நின்றதால் பேச்சு முறிந்தது என்று ஓர் ஆண்டு கழித்து அவளே சொன்னாள். அவளைக் காப்பாற்றியது அந்த மாமா. நான் ரகரத்தைக் காப்பாற்றினேன்.

அறிகுறிகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும், பக்கவாட்டில். நன்றாகப் படித்த பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பத்தில் திடீரென்று அக்கறை இழப்பாள். தவணை நடுவில் நீண்ட விடுப்புக் கேட்டுக் கடிதம் வரும்; திரும்பும் தேதி அதில் இருக்காது. அண்ணனோ ஒன்றுவிட்ட சகோதரனோ பள்ளி வாசலில் காத்திருந்து கூட்டிப் போவான், உணவு இடைவேளையிலும் தொலைபேசியில் அழைத்து எங்கே நிற்கிறாய் என்பான். அக்காவின் கதையையும் விசாரியுங்கள். அவள் படிப்பை இடையில் விட்டுத் திருமணமானவள் என்றால் அது ஒரு பெரிய துப்பு. பிள்ளைக்குக் காதலன் இருப்பதோ, அவன் வேறு இனம், வேறு சாதி என்பதோ வீட்டுக்குத் தெரிந்த கிழமை மிகவும் ஆபத்தானது. லண்டனில் ஏது சாதி என்று கேட்பவர்கள் கல்யாணத் தரகரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

இவற்றில் ஒன்று தனியாக எதையும் நிரூபிக்காது. பதின்ம வயதில் எல்லாப் பிள்ளைகளும்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், அதுவும் ஜூன், ஜூலையில் வந்தால், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வைத்தியசாலையிலும் ஜீபி எனப்படும் குடும்ப வைத்தியரிடமும்?

எப்போதும் கூடவே வரும் உறவினர், கேள்விக்கு அவரே பதில் சொல்வது, தன்னைத் தானே காயப்படுத்திய தழும்புகள், சாப்பாட்டை ஒதுக்குவது, மாத்திரையை அள்ளிப் போட்டது, காரணம் பிடிபடாத தலைவலியோடு மாதம் இருமுறை வருவது. திருமணமான புதிதில் கருத்தடை பற்றித் தாழ்ந்த குரலில் கேட்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பேசுவது எப்படி என்பதுதான் சிக்கல். ஒரு தாதி செய்ததைக் கண்ணால் கண்டேன். மாமியார் இரண்டு முறை “அவளுக்கு வெட்கம், நான் சொல்கிறேன்” என்றார். தாதி வாதிடவில்லை. சிறிய போத்தலை நீட்டி, சிறுநீர் வேண்டும், உள்ளே நோயாளி மட்டும்தான் வரலாம் என்றார், சுவரில் எழுதி ஒட்டியிருப்பதைப் படித்துக் காட்டுபவரைப் போல. கழிவறைக்குப் போகும் வழியில் இருந்த சிறு அறையில் நாங்கள் மூவரும் நின்றோம். நான்கு நிமிடம் கிடைத்தது. “வீட்டில் பயமாக இருக்கிறதா?” என்பதைத் தமிழில் கேட்க மூன்று வினாடி. பதில் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. போத்தலை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதையும் அந்தத் தாதி மறக்கவில்லை.

ஆண்களுக்கும் இது நடக்கிறதா?

நடக்கிறது. வெளியுறவு அமைச்சும் உள்துறை அமைச்சும் சேர்ந்து 2005-ல் தொடங்கிய கட்டாயத் திருமணப் பிரிவு 2018-ல் 1,764 சம்பவங்களைக் கையாண்டது; அவற்றில் 17 சதவீதம் ஆண்கள். தன்பாலின ஈர்ப்புள்ள மகனுக்கு “ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்” என்று செய்து வைக்கும் கல்யாணம் நமக்குத் தெரியாத கதையா? ஆண்கள் உதவி கேட்பது குறைவு. கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம்.

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். “எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?” என்ற கவலையில் பெற்றோர் மணம் முடித்து வைக்கிறார்கள். கவலை உண்மையானது. ஆனால் திருமணம் என்றால் என்னவென்று விளங்கிச் சம்மதிக்கும் திறன் அவருக்கு இல்லையென்றால், எந்த நெருக்குதலும் இல்லாமலேயே அது குற்றம். ஆசையாகத் தலையாட்டியிருந்தாலும்.

பெற்றோர் எனக்குத் தெரிந்தவர்கள். அம்மாவோடு ஒருமுறை பேசிப் பார்க்கட்டுமா?

வேண்டாம்.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். பிணக்கு வந்தால் பெரியவர் ஒருவர் போய் இரண்டு பக்கமும் கதைத்து, தேநீர் குடித்து, சமாதானம் செய்து வைப்பது நம் பழக்கம். காணிச் சண்டைக்கு அது நல்ல மருந்து. இங்கே அது பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது. நீங்கள் வாசல் தாண்டியதும் வீட்டில் நடக்கப்போவது: பிள்ளை வெளியாளிடம் பேசிவிட்டாள் என்பது தெரியும். கைத்தொலைபேசி பறிபோகும். ஆகஸ்டில் இருந்த டிக்கெட் அடுத்த செவ்வாய்க்கு மாறும். அரசின் வழிகாட்டுதலும் இதைத் திட்டவட்டமாகவே சொல்கிறது: குடும்பத்தாரைத் தொடர்புகொள்ளாதீர்கள், சமரசம் பேசாதீர்கள், சமூகப் பெரியவர்களை நடுவில் கொண்டுவராதீர்கள்.

தாயிடம் கேட்டு, தாய் சொன்னதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பர்மிங்காமில் ஒரு வழக்கு உண்டு. பாகிஸ்தானுக்குக் கூட்டிப் போகப்பட்ட 13 வயதுச் சிறுமி, தன்னைவிட மிக மூத்த ஒருவனோடு சடங்கு நடந்து, கர்ப்பமாகத் திரும்பினாள். ஜீபி சமூக சேவைத் துறைக்குச் சொன்னார். இரண்டு பதின்ம வயதுப் பிள்ளைகள் செய்த தவறு என்று தாய் விளக்கம் சொன்னார். கோப்பு மூடப்பட்டது. அவளுக்கு 18 ஆனபோது தாய் மறுபடி குடும்பச் சுற்றுலா என்று கூட்டிப் போய் அதே மனிதனுக்குக் கட்டி வைத்தார். 2018 மே மாதத்தில் தாய்க்கு நாலரை ஆண்டுச் சிறை கிடைத்தது. முதல் தடவையே அந்தச் சிறுமியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டிருந்தால் நடுவில் அத்தனை ஆண்டுகள் போயிருக்காது.

பிள்ளை என்னிடம் சொல்லத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது?

இத்துறையில் “ஒரே வாய்ப்பு விதி” என்று ஒன்று சொல்வார்கள். அந்தப் பிள்ளை வாய் திறந்து கேட்பது இந்த ஒரு முறையாக இருக்கலாம். நாளைக்கு வா என்று அனுப்பினால் நாளை அவள் வராமல் போகலாம். ஆகவே கையில் இருக்கும் வேலையை வையுங்கள். கதவைச் சாத்தக்கூடிய அறைக்குப் போங்கள். அவள் சொல்வதை நம்புங்கள், அல்லது நம்புகிறவராக நடந்துகொள்ளுங்கள். விசாரணை செய்வது உங்கள் வேலை இல்லை. “உன் அம்மா அப்படிப்பட்டவர் இல்லையே” என்ற சொல் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள்.

2005-ம் ஆண்டின் கடைசி நாள் லண்டனில் பனாஸ் மஹ்மோத் என்ற ஈராக்கிய குர்திஷ் பெண், தந்தை தன்னைக் கொல்ல முயன்றதாகச் சொல்லி, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு இரத்தக் காயங்களுடன் ஓடிவந்தாள். தன்னைக் கொல்லக்கூடியவர்களின் பெயர்களை அதற்கு முன்பே பொலிஸாரிடம் எழுதிக் கொடுத்திருந்தாள். வந்த பெண் பொலிஸ் அதிகாரி அவள் நாடகமாடுகிறாள் என்று நினைத்தார். உடைந்த ஜன்னலுக்கு அவள்மீதே வழக்குப் போட யோசித்தார். சில வாரங்களில் பனாஸ் கொல்லப்பட்டாள். வயது 20.

அதற்கு முன் 2003-ல் வாரிங்டனில் ஷஃபிலியா அஹமட். பாகிஸ்தானில் இருந்தபோது பிளீச் குடித்து, தொண்டை வெந்து திரும்பி வந்த 17 வயதுப் பெண். வீட்டில் நடப்பதைத் தோழிகளிடமும் ஆசிரியர்களிடமும் சொல்லியிருந்தாள். அவளைக் கொன்ற பெற்றோருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2012 ஆகிவிட்டது. இந்த இரு பெண்களும் ஒளித்து வைக்கவில்லை, சொன்னார்கள். அதனால்தான் இன்றும் பயிற்சிகளில் இந்தப் பெயர்கள் வருகின்றன.

அந்த அறையில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: முழுப் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், எப்போது எங்கே போகிறார்கள், ஊரில் தங்கப்போகும் விலாசம், அவள் நம்பும் ஒருவரின் தொலைபேசி எண். அவளை எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன பொய் சொல்வது என்பதையும் பேசி முடியுங்கள். வீட்டுக்குக் கடிதம் போகக் கூடாது. அவள் சொன்ன சொற்களையே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தை அல்ல. அந்தக் குறிப்பை யார் யார் திறந்து பார்க்க முடியும் என்றும் பாருங்கள். ஜீபி நிலையத்தில் ஒன்றுவிட்ட அக்கா வேலை செய்வது நம் ஊர்களில் அதிசயம் இல்லை. பிறகு அன்றே, மறுநாள் அல்ல, பள்ளியின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமோ உங்கள் நிறுவனத்தில் அதற்கென இருப்பவரிடமோ சொல்லுங்கள்.

மொழி தெரிந்த உறவினர் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

நான் கூலிக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சித்தி மொழிபெயர்த்தால் சித்தியின் கதைதான் ஆங்கிலத்தில் வரும்.

தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிலும் கவனம் வேண்டும். தமிழர் வட்டம் சிறியது. அதே பகுதியில் இருப்பவர், அதே கோயிலுக்குப் போகிறவர் வேண்டாம். வேறு நகரத்தில் இருப்பவரைத் தொலைபேசியில் எடுங்கள், பெண்ணின் பெயரைச் சொல்லாதீர்கள். குரலைக் கேட்டே ஊரைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் நாங்கள். பெயரும் கிடைத்தால் வம்சமே தெரிந்துவிடும்.

மொழியிலேயே ஒரு பொறி இருக்கிறது. “எனக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள்” என்று மகிழ்ச்சியாக இருக்கும் பெண்ணும் சொல்வாள், அழும் பெண்ணும் சொல்வாள். “கட்டிக் கொடுக்கிறார்கள்” என்பதும் அப்படியே. நம் வினைச்சொல்லில் மணப்பெண்ணுக்கு வேலையே இல்லை. எல்லாவற்றையும் வீட்டார் செய்கிறார்கள். “உங்களுக்கு விருப்பமா?” என்று கேட்டால் “வீட்டில் விருப்பம்” என்று பதில் வரும். ஆங்கிலம் கேட்கும் அதிகாரி அதைச் சம்மதமாக எழுதிக்கொள்வார். “வீட்டாரை விடுங்கள், உங்களுக்கு?” என்று இரண்டாம் முறை கேட்கச் சொல்லி அதிகாரியிடம் எடுத்துச் சொல்வது மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய நல்ல காரியம். ஈழத்தவர் “ஒரே யோசனையாக இருக்கிறது” என்றால் சிந்தனை என்று பொருள் அல்ல, கவலை தின்கிறது என்று பொருள். அதை “சிந்தித்துக்கொண்டிருக்கிறாள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் அவள் நிதானமாக முடிவெடுக்கிறாள் என்றாகிவிடும்.

“யாருக்கும் சொல்லாதீர்கள்” என்று கெஞ்சினால்?

18-க்குக் கீழே என்றால் அந்த வாக்கைக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. “வீட்டாருக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் உன்னைப் பாதுகாக்கத் தெரிந்த ஒருவரிடம் சொல்ல வேண்டும்” என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வயது வந்தவர் என்றால் அவர் விருப்பப்படி நடப்பதே பொது முறை. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து என்றால் அவர் மறுத்தாலும் தகவலைப் பகிரலாம். ஏன் பகிர்ந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

பெற்றோர் சிறைக்குப் போவதை அவள் விரும்பவில்லை. வேறு வழி?

உண்டு. அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் முதலில் சொல்வது இதுதான்: “அம்மாவை ஒன்றும் செய்யாதீர்கள்.” 2008 நவம்பர் 25 முதல் நடைமுறையில் இருக்கும் பாதுகாப்பு ஆணை இதற்காகவே வந்தது. இது குடும்ப நீதிமன்றம் தரும் உரிமையியல் ஆணை, குற்றவழக்கு அல்ல. பாதிக்கப்பட்டவரே கேட்கலாம், உள்ளூராட்சிக் கவுன்சில் கேட்கலாம், நீதிமன்ற அனுமதியோடு ஆசிரியரோ தோழியோ பொலிஸோ கேட்கலாம். கட்டணம் இல்லை. அவசரமென்றால் குடும்பத்தாருக்கு அறிவிக்காமலே அன்றைக்கே பிறப்பிக்க முடியும். கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லலாம், நாட்டை விட்டுக் கூட்டிப் போவதைத் தடுக்கலாம், ஏற்கெனவே போயிருந்தால் திருப்பிக் கொண்டுவரச் சொல்லலாம். மீறினால் மட்டும்தான் குற்றம். ஐந்து ஆண்டு வரை.

இச்சட்டம் வந்த சில வாரங்களிலேயே பெரிய சோதனை வந்தது. லண்டனில் பயிற்சியில் இருந்த வங்கதேசப் பெண் வைத்தியர் ஒருவர் தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு டாக்கா போய் அங்கே அடைத்து வைக்கப்பட்டார். லண்டன் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. 2008 டிசம்பரில் டாக்கா நீதிமன்றம் அவரை விடுவித்தது. முப்பது வயது தாண்டிய, படித்த, சம்பாதிக்கும் பெண். “படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் நடக்காது” என்பவர்களுக்கு இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

நாளை மறுநாள் விமானம். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை.

போகாமல் இருப்பதே ஒரே பாதுகாப்பு. முதலில் அதற்கு முயலுங்கள். பொலிஸுக்குச் சொன்னால் விமான நிலையங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப முடியும்.

விமான நிலையம் வரை வந்துவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. உள்ளாடைக்குள் ஓர் உலோகக் கரண்டி. சோதனை வாயிலில் மணி அடிக்கும். அதிகாரிகள் அவளைத் தனியாக அழைத்துச் சோதிப்பார்கள். அங்கே பெற்றோர் வர முடியாது. அந்த அறையில் சொல்லிவிடலாம். கர்ம நிர்வாணா என்ற உதவி அமைப்பு சொல்லிக்கொடுத்த உபாயம் இது. முதலில் கேட்டபோது சிரிப்பு வந்தது. வீட்டுச் சமையலறை இழுப்பறையில் தேநீர்க் கரண்டியை எடுக்கும்போது இப்போதும் சில நாள் நினைவு வரும்.

போயே ஆக வேண்டும் என்றால்: கடவுச்சீட்டின் நகலையும் ஊர் விலாசத்தையும் இங்கே ஒருவரிடம் விட்டுப் போகட்டும். மறைத்து வைக்க ஒரு சிறிய தொலைபேசி, கொஞ்சம் பணம். அவளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வி பதில். பிறகு யாராவது அவள் பெயரில் “நான் நலம்” என்று பேசினால் அது அவள்தானா என்று அறிய. எந்தத் தேதிக்குள் செய்தி வராவிட்டால் நீங்கள் உதவிக்கு அழைப்பீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

போய்விட்டாள். இப்போது?

கட்டாயத் திருமணப் பிரிவை அழையுங்கள். கொழும்பில் பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயமும், சென்னையில் துணை உயர்ஸ்தானிகராலயமும் உண்டு. அவர்கள் வழியாகத் தேடுவார்கள். இரட்டைக் குடியுரிமை சிக்கலைக் கூட்டும். இலங்கைக் குடியுரிமையும் வைத்திருக்கும் பிள்ளை இலங்கைக்குள் இருந்தால் அந்நாடு அவளைத் தன் பிரஜையாகவே பார்க்கும். ஆகவே இந்தத் தகவலை முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்.

முன்பு மீட்டு அனுப்பும் விமானச் செலவை 18 வயது தாண்டியவர்கள் கடனாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. கட்டாயக் கல்யாணத்திலிருந்து ஓடி வந்தவளிடம் டிக்கெட் காசு கேட்ட கணக்குப்பிள்ளைத்தனம் அது. செய்தித்தாள் ஒன்று வெளிப்படுத்திய பிறகு 2019 ஜனவரியில் அரசு அதைக் கைவிட்டது.

கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு விசா எடுக்கச் சொல்லி நெருக்குகிறார்கள்.

விருப்பமில்லாமல் கையெழுத்துப் போட வைக்கப்படும் இவர்களுக்கும் அதே பிரிவு உதவுகிறது. படிவம் போவதற்கு முன் பேசுவது நல்லது. பிந்திவிட்டாலும் பேசலாம்.

சம்மதமில்லாத திருமணத்தை இங்கே நீதிமன்றத்தில் செல்லாததாக்க முடியும். திருமண நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். பிந்தினால் விவாகரத்துதான் வழி. “விவாகரத்தானவள்” என்ற பெயர் வேண்டாம் என்று நினைக்கும் பெண்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. குடும்பச் சட்டத்தரணியை விரைவாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் சமூகத்தை நாமே வெள்ளைக்காரரிடம் காட்டிக்கொடுப்பது போல் இருக்கிறதே?

இந்தக் கேள்வியை மரியாதையோடு எடுக்கிறேன், ஏனென்றால் எனக்கும் வந்தது. 2008-ல் வெளிநாட்டு வாழ்க்கைத் துணைக்கு விசா கேட்கும் வயதை அரசு 18-லிருந்து 21 ஆக்கியது. கட்டாயத் திருமணத்தைத் தடுக்க என்றார்கள். தாமாக விரும்பி மணந்த இளம் தம்பதிகள் பிரிந்து கிடந்தார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் அது அவர்களின் குடும்ப வாழ்வு உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. ஆகவே இந்தப் பெயரில் குடிவரவுக் கதவை இறுக்குகிறார்கள் என்ற சந்தேகம் வெறும் மனப்பிரமை அல்ல.

ஆனால் ஆசிரியர் தயங்கி நிற்பது இதற்கு எதிர்ப்பு ஆகாது. “அது அவர்கள் கலாசாரம், நாம் தலையிட வேண்டாம்” என்று ஒதுங்கும் ஆங்கில ஆசிரியரும், “நம்மவர் மானம் போகும்” என்று ஒதுங்கும் தமிழ் ஆசிரியரும் ஒரே பிள்ளையைத்தான் கைவிடுகிறார்கள். நம் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் பிள்ளையின் மறுப்பைக் கேட்டு, இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, அடுத்த சாதகத்தை எடுப்பவர்கள்தான். அவர்களுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு கெடுதலும் இல்லை.

நான் தவறாக விளங்கிக்கொண்டிருந்தால்?

இருக்கலாம். ஒருமுறை எனக்கே நடந்தது. அழுது வீங்கிய கண்ணோடு வந்த மாணவியிடம் தனியாகக் கேட்டேன். பூனை செத்துவிட்டதாம். பத்து நிமிடம் பூனையைப் பற்றிப் பேசினோம். வீட்டாருக்கு எதுவும் போகவில்லை, யாருக்கும் இழப்பில்லை. பெற்றோரிடம் போகாமல் பிள்ளையிடம் கேட்பதில் இந்த வசதியும் இருக்கிறது.

சரி, யாரை அழைப்பது?

உடனடி ஆபத்து என்றால் 999. கட்டாயத் திருமணப் பிரிவு 020 7008 0151. கர்ம நிர்வாணா 0800 5999 247. பிள்ளைகள் தாமே பேச விரும்பினால் சைல்ட்லைன் 0800 1111. “எனக்கு உறுதியாகத் தெரியாது” என்று தொடங்கி அழைக்கலாம். ஆசிரியர்களும் தாதியரும் ஆலோசனை கேட்டு மட்டும் அழைப்பது வழக்கமான விஷயம். பெண்ணின் பெயரைச் சொல்லாமலே முதலில் நிலைமையை விவரிக்கலாம்.

அந்த எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவள் கையில் கொடுக்காதீர்கள். புத்தகப் பையைத் தேடும் வீடுகள் உண்டு. அவள் விரும்பினால் தொலைபேசியில் “கணக்கு டீச்சர்” என்பது போல ஒரு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், அழைப்பை உங்கள் மேசைத் தொலைபேசியிலிருந்தே, அவள் பக்கத்தில் இருக்கும்போதே எடுங்கள்.